டகாயாசு நோய்: எந்தக் கையில் பிபி பார்த்தார்கள்?

இளம்பெண் ஒருத்திக்கு இடது கையில் பிபி 90/60 என்று வந்தால், "லோ பிபிதான், மோரில் உப்புப் போட்டுக் குடிம்மா" என்று அனுப்பிவிடுவது வழக்கம். அதே பெண்ணுக்கு வலது கையில் 180 இருக்கலாம். டகாயாசு நோயில் இது அபூர்வமில்லை. அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

பெருந்தமனியிலும், அதிலிருந்து கை, கழுத்து, சிறுநீரகம் என்று பிரியும் பெரிய கிளைகளிலும் வருகிற நாள்பட்ட அழற்சி இது. சுவரின் வெளியடுக்கில் தொடங்கி உள்ளே பரவும். சுவர் தடித்துத் தழும்பேறி, ரத்தம் போகிற வழி குறுகிவிடும். சில இடங்களில் பலவீனமாகிப் புடைத்துக்கொள்ளும். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் 40 வயதுக்கு உட்பட்ட பெண்கள். 1908இல் இதை எடுத்துச் சொன்ன ஜப்பானியர் மிகிடோ டகாயாசு ஒரு கண் மருத்துவர். 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து இணைந்திருந்ததைக் கண்டார்.

இடது கைக்குப் போகும் குழாய்தான் அதிகம் அடிபடும். இந்திய நோயாளிகளிடம் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகக் குழாய்களும் குறுகுவது சகஜம். ரத்தம் குறைந்த சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றும். அடைத்த கையோ அந்த அழுத்தத்தைக் காட்டாது. கொதிப்பு ஏறி இதயம் தளர்ந்துகொண்டிருக்கும்போதே சீட்டில் "பிபி நார்மல்" என்று எழுதியிருக்கும்.

அதனால் நான்கு உறுப்புகளிலும் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கைகள், பிறகு இரண்டு தொடைகள். கஃப்பின் (பிபி பார்க்கச் சுற்றும் பட்டை) ரப்பர் பை, கை அல்லது தொடையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது மூடவேண்டும். தொடைக்குப் பெரிய கஃப் கட்டி முழங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவேண்டும். கைக்கான கஃப்பையே தொடையில் கட்டினால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். நாடி மெலிந்த கையில் தானியங்கி மெஷினை நம்பாதீர்கள். சாதாரணமாகக் காலில் மேல் அளவு கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். காலில் குறைந்தால் வயிற்றுப் பெருந்தமனியைச் சந்தேகிக்கவேண்டும். இரு கைகளுக்கும் இடையே 20 வித்தியாசம் இருந்தால் அதைச் சும்மா விடக்கூடாது. இரண்டு கையும் ஒரேபோல அடைத்திருந்தால் வித்தியாசமே தெரியாது; அங்கே கால் அளவுதான் கைகொடுக்கும். நான்குமே அடைத்திருந்தால் கேத் லேபில் (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தும் அறை) பெருந்தமனிக்குள்ளேயே அளக்க நேரும். ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்ப் படம்) எந்தப் பக்கம் அடைப்பில்லை என்று தெரிந்ததும், "பிபி இந்தக் கையில் மட்டும்" என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் நார்மல் என்றால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அவை நார்மலாக இருக்கும்போதே புதிதாக ஒரு குழாய் குறுகலாம். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு அந்த மருந்தே சிஆர்பியை இறக்கிவிடும். கழுத்துக் குழாயைத் தொட்டால் வலி, தலை வாரக் கையைத் தூக்கியதும் அசதி, இருந்த நாடி காணாமல்போவது, இவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். கூடவே எம்ஆர் ஆஞ்சியோவை (எம்ஆர்ஐ மெஷினில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடவேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் தினம் 40 முதல் 60 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்தில் 15–20க்கு இறக்கி, ஒரு வருடத்துக்குப்பின் 10க்குள் கொண்டுவருவதே இலக்கு. ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் குறைக்கும்போது பலருக்கு நோய் திரும்பிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தொன்றும் சேரும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் வாய் புண்ணாகி, வெள்ளணு சரிந்து, உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். ஸ்டீராய்டைத் தானாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

அடைப்பைப் பார்த்ததும் ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் வலைக்குழல்) வைக்கத் துடிப்பது புரிகிறது. அழற்சி கனன்றுகொண்டிருக்கும் சுவரில் வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து இல்லையென்றால், நோய் அடங்கும்வரை பொறுப்பதே நல்லது. அதுவரை கொதிப்பை மாத்திரையால் பிடிக்கலாம். ஆனால் இரண்டு சிறுநீரகக் குழாயும் குறுகியவருக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகை பிபி மாத்திரை கொடுத்தால், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் சட்டென்று ஏறலாம். இந்த மாத்திரைகளை யாராவது எழுதிக்கொடுத்தால், ஆஞ்சியோ ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.