நிலம், நீர், நெருப்பு, என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்குக் கப்பல் கவிழ வேண்டும், கட்டடம் எரிய வேண்டும், ஊர் இடிந்து விழ வேண்டும். அப்போதுதான் காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். 1970களில் ஹாலிவுட்டில் வரிசையாக வந்த பேரழிவுப் படங்களின் பின்னணி இசையைச் சேர்க்கிறார் மனிதர். படங்களைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. இசைத்தட்டுதான் முக்கியம். அதிலும் அட்டையில் ‘எக்ஸ்பேண்டட்’ (விடுபட்ட இசையையும் சேர்த்த பதிப்பு) என்ற ஒரு சொல் இருந்துவிட்டால் போதும், ஏற்கெனவே வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்குவார்.

“இதேதான் அலமாரியில இருக்கேங்க?”

“அது ஆல்பம். இது ஸ்கோர்.”

இந்தப் பதிலை நான் கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது கேட்டால் நானே விளக்கம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்தக் காலத்து எல்பி தட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள் அடங்க வேண்டுமென்று இசையை வெட்டுவார்கள். சில நேரம் தட்டுக்காகவே தனியாக, கொஞ்சம் இனிப்புக் கூட்டி, மறுபடி வாசித்துப் பதிவு செய்வார்கள். அதுதான் ஆல்பம். படத்தில் நாம் கேட்ட நிஜமான டேப், அதாவது ஸ்கோர், ஸ்டுடியோ கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்கும். சிடி வந்த பிறகும் விடிவில்லை. பழைய டேப்பைத் தட்டாகப் போட்டு விற்றால், வாசித்த கலைஞர்களுக்குச் சங்கக் கணக்குப்படி மறுபடி பணம் கட்ட வேண்டும். அதனால் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு குறைந்த எண்ணிக்கையில் போடுபவர்களுக்குச் சலுகை வந்தது. ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி என்ற பத்திரிகை, தலைப்புக்கு 3000 பிரதி என்று தானே சிடி போட ஆரம்பித்தது. ‘தி பொசைடன் அட்வென்ச்சர்’ 1972-ல் வந்த படம். அதில் வரும் ‘தி மார்னிங் ஆஃப்டர்’ பாட்டு ஆஸ்கர் வாங்கியது, அடுத்த வருடம் அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போனது. ஆனால் ஜான் வில்லியம்ஸின் பின்னணி இசை அந்தப் பத்திரிகை மூலமாகத் தட்டில் வந்தது 1998-ல்தான். என் கல்யாணப் பேச்சுவார்த்தையின்போது இந்தத் தகவல் எனக்குச் சொல்லப்படவில்லை.

‘லிமிடெட்’ என்று போட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. “தீர்ந்துடும், தீர்ந்துடும்” என்று ராத்திரி ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து ஆர்டர் போடுவார். அப்படித் தீர்ந்துபோகும் என்று பயந்து வாங்கியவற்றில் பல இன்னும் விற்பனையில் இருக்கின்றன. நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

2019 கோடையில் திருச்சியிலிருந்து அத்தை, அதாவது இவருடைய அம்மா, வந்து எங்களோடு தங்கினார். நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே, சான்டா கிளாரிட்டாவில். வெளியே வெயில், நடக்க ஆள் இல்லை, டிவியில் அதே சீரியல். பிள்ளையின் அறையில் உட்கார்ந்து இசை கேட்க ஆரம்பித்தார். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்தாயிற்றே! முதலில் போட்டது ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வின் டைட்டில் இசை. ஒரு ஹெலிகாப்டர் கடற்கரையோரமாகப் பறந்து பறந்து சான் பிரான்சிஸ்கோ வந்து சேரும், அதற்கு ஐந்து நிமிடம் கிட்ட வில்லியம்ஸ் விடாமல் வாசிக்க வைத்திருப்பார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: “என்னடா, நெருப்புப் பிடிக்கப் போற படம்ங்கிற, பொண்ணு அழைக்கப் போற மாதிரி ஜோராக் கிளம்புறாங்க!”

உள்ளதைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் எனக்கும் பிடிக்கும். இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு பிரதி வாங்குவார்.

ஆனால் அத்தைக்குப் பிடித்தது வேறு. படத்தில் விருந்து நடக்கும்போது ஓரமாக ஒரு வாத்தியக் குழு வாசிக்குமே, அந்த மெல்லிய நடன இசையையும் இந்த மாதிரித் தட்டுகளில் கடைசியில் ஒட்டி வைத்திருப்பார்கள். இவர் அதைத் தாண்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போகிறவர். அத்தையோ, “அந்தக் கடைசியில வர்றதப் போடுடா, காய் நறுக்க நல்லா இருக்கு” என்பார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடித் தப்பிக்கிற காட்சிக்கு எழுதிய இசையெல்லாம் சும்மா கிடக்க, பீன்ஸ் நறுக்க பேண்டு வாத்தியம்.

அப்புறம் அந்த ஜூலை. 4-ஆம் தேதி காலையிலேயே மொஹாவே பாலைவனத்தில் ரிட்ஜ்கிரெஸ்ட் பக்கம் 6.4 அளவில் ஒரு நிலநடுக்கம். அது போய்விட்டது என்றுதான் நினைத்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, இரவு எட்டேகால் தாண்டியிருக்கும். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். காலுக்கடியில் மெதுவாக ஒரு உறுமல். டீபாய் மேலிருந்த டம்ளர் கிணுகிணுக்கிறது. இவருடைய சப்வூஃபர், அதாவது அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர், இதைச் செய்வது வழக்கம்தான், அதனால் தலையைக்கூடத் தூக்காமல் குரல் கொடுத்தேன்.

“என்னங்க, கொஞ்சம் குறைங்க! கீழ் வீட்டுல ஏற்கெனவே கம்ப்ளெயிண்ட் பண்ணியாச்சு!”

சாமி மாடத்துப் பக்கத்திலிருந்து அத்தை இன்னும் ஓங்கி: “டேய், அந்த மெஷின நிறுத்துடா, விளக்கு ஆடுது!”

இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் தோசைத் திருப்பி. “நான் எதுவும் போடலையே?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் தொங்கும் விளக்கு ஊஞ்சலாட, அலமாரியிலிருந்து பேரழிவு இசை ஒவ்வொன்றாகத் தரையில் குதித்தது. அத்தையை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தோம். 7.1. ஆட்டம் நின்றபாடில்லை.

மேசைக்கு அடியில் அத்தை கந்த சஷ்டிக் கவசத்தில் இருக்கிறார். நான் அடுப்பை அணைத்தோமா என்ற கவலையில் இருக்கிறேன். இவர் மெதுவாக என் பக்கம் திரும்பி, “நீ என் மேல பழி போட்டிருக்கக் கூடாது” என்றார். என்ன என்றேன். ‘எர்த்குவேக்’ படத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் இடிகிற அந்தப் பெரிய காட்சிக்கு வில்லியம்ஸ் இசையே போடவில்லையாம். வெறும் சத்தம்தானாம். தியேட்டரில் சென்சரவுண்ட் என்று ராட்சத ஸ்பீக்கர்களை வைத்து நாற்காலியோடு மனிதரை உலுக்கினார்களாம். ஹாலிவுட் சைனீஸ் தியேட்டரில் கூரைக் காரை பெயர்ந்து தலையில் விழாமல் இருக்க மேலே வலை கட்டினார்களாம். “ஆக, நிலம் ஆடினா அது என் சிடியா இருக்க வாய்ப்பே இல்ல.”

பூமி ஆடும்போது வாதாடும் ஆளை என்ன செய்வது? சமையலறையிலிருந்து தோசை கருகும் வாசம் வந்தது. அத்தை கவசத்தை நடுவில் நிறுத்தி, “நிலம் ஆச்சு, நெருப்பும் வந்தாச்சு” என்றார்.

இதை அவர் எதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்றுதான் விட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில் லா லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சிடி நிறுவனம் ஒரு பெட்டியை அறிவித்தது. வில்லியம்ஸின் மூன்று பேரழிவுப் படங்களும் நான்கு சிடியில். அதில் ‘எர்த்குவேக்’ படத்துக்காக வாசித்த அசல் பதிவு முதல் தடவையாக வெளிவருகிறது என்பதால் இவர் தூங்கவில்லை. 1974-ல் ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு படங்கள், ஒன்றில் லாஸ் ஏஞ்சலிஸ் இடிகிறது, மற்றதில் சான் பிரான்சிஸ்கோ கட்டடம் எரிகிறது, இரண்டுக்கும் ஒரே ஆள் இசை. பெட்டி வந்ததும் இவர் நகத்தால் அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் உறையை வலிக்காமல் கிழித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு முதல் தடவை நகம் வெட்டும்போதுகூட அவ்வளவு நிதானம் இல்லை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கப்பல். இது எரியுது. இது பூகம்பம். நீர், நெருப்பு, நிலம். பஞ்சபூத ஸ்தலத்துல ஆனைக்கா, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் முடிஞ்சுது.” நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். “காளஹஸ்தியும் சிதம்பரமும் எங்கடா?”

இப்படி ஒரு கேள்விக்காக மனிதர் எத்தனை காலம் காத்திருந்தாரோ! எழுபதுகள் மட்டும்தான் என்ற விரதமெல்லாம் அந்த நொடியில் போயிற்று. காற்றுக்கு ‘ட்விஸ்டர்’, 1996, இசை மார்க் மன்சினா, எக்ஸ்பேண்டட் 2017-லேயே வந்துவிட்டது என்றார். ஆகாயத்துக்கு ‘ஏர்போர்ட்’. ஆல்ஃபிரெட் நியூமன் இசையமைத்த கடைசிப் படம், 1970 பிப்ரவரியில் அவர் இறந்து, மார்ச்சில் படம் வந்தது என்று தேதியோடு சொன்னார். விமானமும் காற்றில்தானே போகிறது, ஒன்றே போதுமே என்று நான் குறுக்கே விழுந்தேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. “சூறாவளிதான் காற்று. ஏரோப்ளேன் போறது ஆகாயம். ஸ்தல யாத்திரைய அரைகுறையா விடக்கூடாதும்மா.” அன்றிரவே ஆர்டர் போயிற்று, அம்மா ஆசீர்வாதத்தோடு.

அத்தை ஊருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் விசாரிப்பு இதுதான்: “அஞ்சும் வந்துடுச்சாடா?” வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் அல்லவா? 1997-ல் ஒரே வருடத்தில் இரண்டு எரிமலைப் படம் வந்ததை இவர் எடுத்துவிட்டார். எரிமலை நிலக் கணக்கா நெருப்புக் கணக்கா என்று அம்மாவும் பிள்ளையும் ஸ்பீக்கர் போனில் இன்னும் பேசி முடிக்கவில்லை. இரண்டு படம் இருப்பதால் கணக்குக்கு ஒன்றாக வாங்கிவிடலாம் என்கிறார் அத்தை.