கேள்வி எழுதிப் படித்த பொது அறிவு

அரச சேவைப் போட்டிப் பரீட்சைக்கு முதல் தடவை தோற்றியபோது பொது அறிவு வினாத்தாளில்தான் விழுந்தேன். படிக்காமல் விழவில்லை. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை அட்டையிலிருந்து அட்டை வரை மூன்று தரம் பாடமாக்கியிருந்தேன். நாடு, தலைநகரம், நாணயம். ஆறு, நீளம். கண்டுபிடிப்பு, கண்டுபிடித்தவர். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, அம்மா அடுப்பு மூட்டும்வரை குசினி வாசலில் இருந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படித்தது. பரீட்சை மண்டபத்தில் தாளைத் திறந்தால் படித்த விஷயங்கள்தான் வந்திருந்தன, ஆனால் படித்த மாதிரிக் கேட்கவில்லை. பிரேசிலின் தலைநகரம் எது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். தலைநகரமாக்குவதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் எது என்று கேட்டால் பிரேசிலியா தெரியும், அதுதான் விடை என்று தெரியாது என்ற நிலை. பெறுபேறு வந்த அன்று நான் யாரோடும் கதைக்கவில்லை.

அந்த ஆவணியில் அக்காவும் அத்தானும் லண்டனிலிருந்து லீவில் வந்து நின்றார்கள். அங்கே பப்புகளில் கிழமைக்கு ஒரு இரவு பொது அறிவுப் போட்டி வைப்பார்களாம். மேசைக்கு ஒரு அணி. ஒருவர் ஒலிவாங்கியில் கேள்வியை வாசிக்க, அணியில் இருப்பவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்து ஒரே தாளில் விடை எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வினாடி வினா மாதிரி முந்தி மணி அடிக்கிற அவசரம் இல்லை.

“மச்சாள், உங்கட சனசமூக நிலையத்தில இதை ஒருக்காச் செய்து பாப்பமே? பியருக்குப் பதிலா பிளேன்ரீ” என்றார் அத்தான்.

ஊர்ப் பெடியள் உடனே பிடித்துக்கொண்டார்கள். முறிகண்டியிலிருந்து கச்சான் வந்தது. பக்கத்து வீட்டு மாமி உளுந்து வடை சுட்டுத் தர ஒத்துக்கொண்டா. கேள்வி எழுதுகிற வேலை, பரீட்சைக்குப் படித்த பிள்ளை என்று என்னிடம் வந்தது. ஐந்து சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. மொத்தம் ஐம்பது.

முதல் இரவு முழுக்க இருந்தும் நாலு கேள்விதான் எழுத முடிந்தது. பொது அறிவுக்குப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அந்த நாலு கேள்வியில்தான் தொடங்குகிறது. விடையைப் பாடமாக்கும்போது தெரியாத ஓட்டை, அதே விடைக்குக் கேள்வி எழுதப் போனால் தெரியவரும். தமிழில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’, 1578, கொல்லம் என்று பாடமாக்கியிருந்தேன். அதையே கேள்வியாக எழுதிவிட்டுச் சரிபார்க்கத் தேடினால், 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது. மொழி தமிழ், எழுத்து உரோமன். அப்படியென்றால் என் கேள்வி பிழை. ‘தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எது?’ என்று மாற்றினேன். ஒரு சொல்தான் கூடியது. பரீட்சையில் எங்களை விழுத்துவதும் அப்படியான ஒரு சொல்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்று, மனிதன் சந்திரனில் கால் வைத்த நாள். எல்லாப் புத்தகத்திலும் 1969 ஜூலை 20. அது அமெரிக்க நேரம். நீல் ஆம்ஸ்ட்ரோங் ஏணியால் இறங்கியபோது எங்கள் நாட்டில் 21ஆம் திகதி காலை எட்டரை மணி ஆகப்போகிறது. எங்கள் ஊரில் அந்த நேரம் பள்ளிக்கூடத்து மணி அடித்திருக்கும். இதை அறிந்த பிறகு அந்தத் திகதி எனக்கு மறந்ததே இல்லை. தனியாக நின்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலை நேரமும் பள்ளிக்கூடமும் வந்து நின்றுவிட்டன.

போட்டி இரவு பதினொரு அணி வந்தது. கதிரை காணாமல் வாங்குகளையும் இழுத்துப் போட்டோம். இரண்டாம் சுற்றிலேயே சண்டை. ‘இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு எது?’ என்று கேட்டிருந்தேன். மகாவலி 335 கிலோமீற்றர், அதற்கு அடுத்தது மல்வத்து ஓயா, 164 கிலோமீற்றர். என் விடைத்தாளில் மல்வத்து ஓயா என்று இருந்தது. கமக்காரர் அணி ஒன்று ‘அருவியாறு’ என்று எழுதியிருந்தது. திருத்திய தம்பி புள்ளடி போட்டுவிட்டான். அந்த அணியில் இருந்த அண்ணை ஒருவர் எழும்பி, கோபப்படாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பிள்ளை, அனுராதபுரத்தில அதுக்குப் பேர் மல்வத்து ஓயா. மன்னாருக்கு வரேக்க அது அருவியாறு. தேக்கத்தில மறிச்சுக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணி விடுறது அந்த ஆத்தில இருந்துதான். நான் அந்தத் தண்ணியில வயல் செய்தவன்.”

புள்ளி கொடுத்தோம். எனக்கு முகம் சிவந்துபோனது, ஆனால் நான் படித்த பாடங்களில் அதுதான் பெரியது. இரண்டு பெயரும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும், இரண்டும் ஒரே ஆறு என்பது தெரியாது. தமிழில் பரீட்சை எழுதுபவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். ஒரு இடத்துக்குத் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றும் இருந்தால் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். வினாத்தாள் எந்தப் பெயரில் வரும் என்று எங்கள் கையில் இல்லை.

நாலாம் சுற்று உள்ளூர்ச் சுற்று. எங்கள் பக்கத்து இரணைமடுக் குளத்துக்கு எந்த ஆறு தண்ணீர் கொண்டுவருகிறது என்று கேட்டபோது மண்டபமே சிரித்தது, கனகராயன் ஆறு என்று பதினொரு தாளிலும் வந்தது. அடுத்த கேள்வி, ‘நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி எந்தத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கும்?’ இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிளிநொச்சியில் வாக்குப் போடுகிறவர்கள். ஆனாலும் நாலு அணி ‘வன்னி’ என்று எழுதியது. சரியான விடை யாழ்ப்பாணம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூன்றும்தான்.

பிழையாக எழுதிய ஒரு மேசையில் இருந்த பிள்ளை, “வன்னியில இருக்கிறம், வன்னி எண்டு எழுதினால் பிழையோ?” என்று கேட்டது. நியாயமான கேள்வி. என்னிடம் விடை இருந்தது, காரணம் இருக்கவில்லை. முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த ஐயா ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார். கிளிநொச்சி தனி மாவட்டம் ஆனது 1984இல், யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பாகத்தைப் பிரித்து. அதற்கு முன்னம் ஒரு அலுவல் என்றால் ஆனையிறவு தாண்டி, மாவட்ட அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரிக்குத்தான் போகவேண்டும். “காலமை பஸ்சுக்குப் போனால் பொழுதுபடத்தான் வீடு. நிர்வாகத்தைப் பிரிச்சவை, வாக்கைப் பிரிக்கேல்லை” என்றார். இலங்கையின் இருபத்தைந்தாவது மாவட்டம் கிளிநொச்சி என்பதும், 1984 என்ற வருடமும், தேர்தல் மாவட்டமும் எனக்கு அதுவரை மூன்று வெவ்வேறு பக்கங்களில் இருந்த மூன்று வரிகள். ஐயாவின் கதைக்குப் பிறகு ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூட வரும்.

அதன்பிறகு என் படிப்பு முறையை மாற்றினேன். தடித்த கொப்பி ஒன்று வாங்கி, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை, விடைக்குக் கீழே ‘ஏன்’ என்று ஒரு வரி. அந்த ஏன் வரி எழுத முடியாத கேள்வியைக் கொப்பியில் சேர்ப்பதில்லை. அவுஸ்திரேலியாவின் தலைநகரம் கன்பரா. ஏன், சிட்னியும் மெல்பேர்ணும் தலைநகரப் போட்டியில் நின்றதால் இரண்டுக்கும் இடையில் புது நகரம் கட்டினார்கள், 1927 வரை நாடாளுமன்றம் மெல்பேர்ணில் கூடியது. இதை எழுதும்போதே, 1960இல் திறந்த பிரேசிலியா பக்கத்தில் வந்து நின்றது. முதல் தடவை மண்டபத்தில் என்னைக் கைவிட்ட கேள்விக்கு விடை இரண்டாகக் கிடைத்தது. இரசாயனக் குறியீட்டில் தங்கத்துக்கு ஏன் ஏயூ (Au), ஈயத்துக்கு ஏன் பிபி (Pb) என்பதும் இப்படித்தான்: ஓரம், பிளம்பம் என்ற இலத்தீன் பெயர்கள் தெரிந்தால் குறியீட்டைத் தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை.

ஒரு நாளைக்கு எட்டுக் கேள்விக்கு மேல் எழுத வேண்டாம். எழுதியதை மூன்று நாள் விட்டு வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். எனக்கு அம்மா கேட்டா. தேங்காய் துருவிக்கொண்டே கேட்பா, நான் சொன்னது விளங்காவிட்டால் “அது என்னெண்டு?” என்பா. அம்மாவுக்கு விளங்கச் சொல்ல முடியாததை நான் இன்னும் படிக்கவில்லை என்று அடையாளம் போட்டு வைத்தேன்.

விடை மாறக்கூடிய கேள்விகளுக்குப் பக்கத்தில் வருடத்தைக் குறித்துவையுங்கள். பழைய வழிகாட்டிகள் மோசம் செய்வது இதில்தான். என்னுடைய புத்தகத்தில் எவரெஸ்ட் 8848 மீற்றரோடு நின்றது, 2020 கடைசியில் 8848.86 என்று அறிவித்தாயிற்று. கசகஸ்தானின் தலைநகரம் 2019இல் அஸ்தானாவிலிருந்து நூர்சுல்தான் ஆகி, 2022இல் திரும்ப அஸ்தானா ஆனது. சனிக்கோளின் நிலவுகளை எண்ணி முடியாது போலிருக்கிறது, 2025இல் 274 என்றார்கள். சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓடி வெண்கலம் வாங்கினார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்சின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு அது வெள்ளியாக உயர்ந்தது. வெண்கலம் என்று பாடமாக்கியவர்கள் எங்கள் போட்டியில் இரண்டு அணி.

அணியாகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரே வகுப்புக் கூட்டாளிகள் ஐந்து பேர் சேராதீர்கள். எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றாக இருக்கும், தெரியாததும் ஒன்றாக இருக்கும். முதலாம் போட்டியில் கடைசிவரை நின்ற இரண்டு அணியும் கலப்பு அணிகள். ஒன்றில் அந்தக் கமக்கார அண்ணையும் இருந்தார். மற்றதில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன், ஒரு ரீச்சர், கடை வைத்திருக்கும் அண்ணை, இரண்டு மாமிமார்.

இரண்டும் முப்பத்தெட்டுப் புள்ளியில் சமன். கிட்டிய எண்ணைச் சொல்கிற அணிக்கு வெற்றி என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன்: பூமியிலிருந்து சந்திரன் சராசரியாக எவ்வளவு தூரம்? கமக்கார அண்ணையின் அணி ஐந்து இலட்சம் என்று எழுதியது. மற்ற மேசையில் தம்பி பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு கச்சான் சுற்றி வந்த கடதாசியை விரித்து, அதில் கணக்குப் போட்டான். சந்திரனில் இருந்து வானொலிச் சைகை வந்துசேர ஒன்று தசம் மூன்று செக்கன் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். ஒளி செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் என்பது அவனுடைய பௌதிகவியல் பாடம். பெருக்கினான். 390,000. விடை 384,400. மாமிமார் இரண்டு பேரும் அவனைக் கட்டிப்பிடித்த பிடியில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்துபோனது. அவனுக்கு விடை தெரியாது. தெரிந்த இரண்டை வைத்துத் தெரியாத ஒன்றுக்குப் போகத் தெரிந்திருந்தது. அந்தக் கச்சான் கடதாசியைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை பரீட்சையில் பொது அறிவு என்னைக் காப்பாற்றியது. இப்போது வேலைக்குப் போகிறேன். போட்டியும் தொடர்ந்து நடக்கிறது. உள்ளூர்ச் சுற்றை நான் எழுதுவதில்லை, கைத்தடி ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டோம். அவருக்குக் கண் பார்வை குறைவு என்பதால் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். போன முறை, வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வருடத்தைக் கேட்போமா என்றேன்.

“1803 எண்டு எல்லாரும் எழுதுவினம். வருசத்தைக் கேக்காத. அடிச்சுப் பிடிக்கேக்க உள்ளுக்க இருந்தவை ஆர் எண்டு கேள்” என்றார்.

கோட்டை கட்டியது ஒல்லாந்தர். ஆனால் அவர்கள் 1796இலேயே கரையோரத்தை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டார்கள். ஒன்பது அணியில் ஆறு அணி ஒல்லாந்தர் என்று எழுதியது. விடையை வாசித்தபோது ஐயா கைத்தடியை நிலத்தில் இரண்டு தரம் தட்டி, அடுத்த கேள்வியைத் தானே சொல்லத் தொடங்கினார்.