வாய்மொழித் தேர்வில் நான் தடுமாறிய கேள்வி

திருமணமாகப் போகிற ஜோடிகளுக்கு வகுப்பெடுக்க ஆள் வேண்டும் என்று எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் கேட்டபோது, கல்யாணமாகிப் பதினொரு வருஷமான நானும் வீட்டுக்காரரும் பேர் கொடுத்தோம். ரங்கூனில் தமிழ்க் கத்தோலிக்கர்களே கொஞ்சப் பேர், தமிழில் வகுப்பெடுக்க யாருமில்லை. பயிற்சி பர்மியத்தில் நடந்தது. தாம்பத்திய உறவு பற்றித் திருஅவை (கத்தோலிக்கச் சபை) போதிப்பதுதான் பாடம், முடிவில் தேர்வு. ஜெபம் தமிழிலும் கணக்கு பர்மியத்திலும் படித்து வளர்ந்தவள் நான். ஆனால் தாம்பத்திய உறவு என்பதை இரண்டு மொழியிலுமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

கரண்ட் இல்லாத ராத்திரிகளில் சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு, திருஅவை எதையெல்லாம் கூடாதென்கிறது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். எழுத்துத் தேர்வுக்கு அது போதும், தேறிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஃபாதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்ட தம்பதியின் உறவுக்கு என்ன அர்த்தம்?” என் பட்டியலில் அதற்குப் பதிலே இல்லை. மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், தடைகளிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். 1968-இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் எழுதிய ‘ஹுமானே வீத்தே’ என்ற சுற்றுமடலில், அதாவது திருஅவைக்கு எழுதிய போதனைக் கடிதத்தில், 12-ஆம் எண் பத்தியை முதலில் எடுங்கள். தாம்பத்திய உறவுக்கு இரண்டு பொருள்: இருவரையும் ஒன்றாக்குவது, புதிய உயிருக்கு வழி திறப்பது. இரண்டையும் மனிதர் தாமாகப் பிரிக்கக் கூடாது என்பதிலிருந்துதான் கருத்தடை பற்றிய போதனையே வருகிறது. அதற்காக முடிந்தவரை பிள்ளை பெற்றுக்கொள் என்று திருஅவை சொல்வதாக எழுதி மார்க்கை விட்டுவிடாதீர்கள். 10-ஆம் எண் பொறுப்புள்ள பெற்றோர் நிலையைப் பேசுகிறது. தகுந்த காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களைப் பார்த்து இணையலாம் என்கிறது 16-ஆம் எண்.

எனக்கு அதிகம் பிடித்தது 13-ஆம் எண். துணையின் நிலைமையையும் நியாயமான விருப்பத்தையும் பார்க்காமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயலே அல்ல என்கிறது. ‘புருஷன் கேட்டால் மாட்டேன்னு சொல்லக்கூடாது’ என்று எங்கள் வீட்டுப் பெரியம்மாக்கள் கிசுகிசுத்ததைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது பெரிய சமாச்சாரம். 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின் 1061-ஆவது விதியும் இதே பக்கம்தான். உறவால் திருமணம் நிறைவுபெற வேண்டுமானால் அது ‘மனித முறையில்’ நடந்திருக்க வேண்டும். பைபிளில் பவுலடியார் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் என்றதோடு நிற்கவில்லை, கணவன் உடல்மேல் மனைவிக்கும் என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

குழப்பும் இடம் ஒன்று உண்டு. உறவு நடக்காத திருமணம் செல்லாத திருமணம் அல்ல. அது செல்லுபடியானது, நியாயமான காரணம் இருந்தால் திருத்தந்தை அதைக் கலைக்கலாம் (விதி 1142). திருமணத்துக்கு முன்பே இருந்து, என்றும் தீராத ஆண்மையின்மையோ உறவுக்கு இயலாமையோதான் திருமணத்தைச் செல்லாததாக்கும். மலட்டுத்தன்மை செல்லாததாக்காது (விதி 1084). மூன்றையும் நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைகளில் உடலைப் பற்றி ஆற்றிய உரைகளை முழுக்கப் படிக்கக் கிளம்பாதீர்கள். 129 உரைகள், தலை சுற்றும். பைபிளில் தோபித்து நூலின் 8-ஆம் அதிகாரத்தை மட்டும் விடாதீர்கள். முதலிரவில் மணமக்கள் இருவரும் எழுந்து நின்று, சேர்ந்தே கிழவன் கிழவியாக வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள். கூச்சப்படும் ஜோடிகளிடம் பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுமாதம் போனபோது ஃபாதர் அதே கேள்வியைக் கேட்டார். நான் எண்களுக்குப் போகவில்லை. பிள்ளையில்லை என்று ஊரெல்லாம் பேசியும், சாயங்காலமானால் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்த என் சித்தியிலிருந்து ஆரம்பித்தேன்.