கல்யாணக் கேசட்டுக்கு ஒரு ப்ரீசெட்

அத்தை கல்யாணத்தின் மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள் ஒருவழியாகக் கணினிக்கு வந்துவிட்டன. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், இதை அப்படியே யாருக்கு அனுப்ப? வீடியோவை மாற்றிச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் இதற்கென்றே ஒரு ப்ரீசெட், அதாவது சேமித்துவைக்கும் அமைப்புத் தொகுப்பு, போட்டுவிட்டேன்.

முக்கியமான வேலை ஃபில்டர்ஸ் பக்கத்தில்தான். நம்ம ஊர் பால் (PAL) முறை வீடியோ இன்டர்லேஸ் ஆனது, அதாவது ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை. கண்டுகொள்ளாமல் மாற்றினால், தவில்காரர் கை அசையும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு விழும். அதைச் சரிசெய்ய, டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் பிவ்டிஃப் (Bwdif), அதற்குக் கீழே பாப் (Bob) என்று தேர்ந்தெடுங்கள். ஐம்பது அரைப்படமும் ஐம்பது முழுப்படமாகிவிடும், அசைவு அவ்வளவு வழுவழுப்பு! ஃப்ரேம்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, மட்டும் 25 என்று கட்டிவிடாதீர்கள், சேம் ஆஸ் சோர்ஸ் (Same as source) போதும்.

வீடியோவைச் சுருக்கும் என்கோடர் எக்ஸ்264, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 20. எண் குறையக் குறையக் கோப்பு வீங்கும். 12, 10 என்று இறக்கச் சொல்பவர்கள் உண்டு. டேப்பிலேயே இல்லாத தெளிவு எங்கிருந்து வரும்? 1080-க்குப் பெரிதாக்குவதும் அதே கதைதான். 576 வரியாகவே இருக்கட்டும், பெரிதாக்குவதை டிவி பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ப்ரீசெட்டைச் சேமித்து, எல்லாக் கோப்பையும் க்யூவில் போட்டு, தூங்கப் போகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். வீடியோவாகப் போட்டால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை நசுக்கிவிடும்.