தியேட்டர் வாசலில் ஒரு கடல்

காலை ஏழரைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்கும் அழுகை எனக்கு 20 வருடப் பழக்கம். நாகர்கோவிலில் நர்ஸ் வேலை. டான்சில், குடலிறக்கம் என்று வரும் பிள்ளைகள் 6 மணி நேரமாகச் சாப்பிடாமல் இருப்பார்கள். அம்மை கண்ணைத் துடைத்தால் போதும், பிள்ளை அலறும். முன்பெல்லாம் பயத்தைத் தணிக்கும் மிடசோலாம் சிரப்தான் துணை. கசப்பு, பாதியைத் துப்பிவிடுவார்கள்.

அதனால், மாட்டினால் படத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டும் விஆர் கண்ணாடி வந்தபோது எனக்குக் கொள்ளை சந்தோஷம். அதில் ஒரே படம்: கடலுக்கடியில் ஆமையும் மீன் கூட்டமும். குலசேகரத்துச் சிறுமி ஒருத்தி மீனைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே டிராலியில் உள்ளே போனாள். அம்மையைத் தேடவே இல்லை. (சிறு தலையில் அது நிற்காது, ஒரு கையால் பிடித்திருக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மாட்டுவதில்லை. துடைத்து வைப்பதும் என் பாடு.)

2023இல் கடலோரத்திலிருந்து 9 வயதுப் பையன் ஒருவன் வந்தான். மாட்டி அரை நிமிடம்கூட ஆகவில்லை, கழற்றி என் கையில் தந்துவிட்டான். "இது வேண்டாம் சிஸ்டர்." அழவில்லை. அவன் அம்மைதான் மெல்லச் சொன்னாள்: "அவனுக்க அப்பா ஒக்கியில போனவரு."

ஒக்கிப் புயல், 2017 நவம்பர் கடைசி. அப்போது இவனுக்கு 3 வயது இருந்திருக்கும். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, கடற்கரைப் பிள்ளைக்குக் கடலைக் காட்டும் முன் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்தார்.

"இதுல மூச்சு விடு மக்ளே, அந்தப் பை அசையும் பாரு."

அசைந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தான். "மணக்குமா? எண்ணிட்டு இருக்கும்போதே உறங்கிருவேனா? முழிக்கும்போ அம்மை இருக்குமா?" டாக்டர் எதையும் மழுப்பவில்லை. கேள்விகள் தீர்ந்ததும் தானே டிராலியில் ஏறிப் படுத்தான்.

டீ நேரத்தில் டாக்டர் ஒரு கொரிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2017இல் வெளியானது, 4 முதல் 10 வயது வரை 69 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு விஆரில் 4 நிமிடப் படம். பொரோரோ என்ற கார்ட்டூன் பென்குயின் தியேட்டரையே சுற்றிக்காட்டும். பார்த்த பிள்ளைகளுக்குப் பயம் குறைவாக இருந்ததாம்.

நாங்களும் அப்படி ஒரு படம் எடுக்க, சுற்றிலும் பதிவு செய்யும் 360 டிகிரி கேமரா ஒன்றைக் கடன் வாங்கினோம். டிராலியில் பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் அதை வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். பிறகு கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். வராந்தாக் கூரையில் டியூப்லைட் ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. முகமூடி போட்ட தலைகள் மேலிருந்து குனிகின்றன. அதில் ஒன்று நான். எனக்கே பயமாக இருந்தது.

டியூப்லைட்டை அன்றே மாற்றச் சொன்னேன். மறுபடி எடுத்தபோது முகமூடியை இறக்கி, எங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டோம்.