திக்கும் பிள்ளையின் மூளையில் ஒலி என்ன ஆகிறது?

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பர்மியம் மட்டும் பேசட்டும், திக்கல் போய்விடும்." ரங்கூனிலோ மோல்மேனிலோ ஒரு பிள்ளை திக்கத் தொடங்கினால், பெற்றோரிடம் இப்படிச் சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. தமிழை நிறுத்தினால் பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையிலுள்ள பேச்சுதான் போகும்.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. 100 பிள்ளைகளில் 5 முதல் 8 பேருக்கு வருகிறது, பெரும்பாலோருக்குத் தானே போய்விடுகிறது. பெரியவர்களில் திக்குபவர்கள் சுமார் 1 சதவீதம்தான். வேர் பரம்பரையிலும் மூளையின் நரம்புப் பாதைகளிலும் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்ட ஒலியை மூளை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். அதை அளக்கும் முறை எளியது. தலையில் மின்முனைத் தொப்பியை மாட்டி, பிள்ளையைச் சத்தமில்லாத கார்ட்டூன் பார்க்க விட்டு, காதில் "பா, பா, பா, பா, தா" என்று ஓடவிடுவார்கள். ஒலி மாறிய 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் மூளையின் மின்கோட்டில் ஒரு பள்ளம் விழும். பிள்ளை கவனிக்கவே வேண்டாம், மூளை தானாகக் கண்டுபிடித்துவிடும். தாய்மொழி ஒலியென்றால் பள்ளம் ஆழமாக விழும். எஸ்தோனிய மொழியில் உண்டு, பின்னிஷில் இல்லை என்ற ஓர் உயிரொலியை வைத்து 1997இல் இதைக் காட்டினார்கள்.

நம் பிள்ளைகளிடம் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பர்மியத்தில் கன்னத்துக்கு ஒரு 'பா', தவளைக்கு மூச்சுக்காற்று சேர்ந்த இன்னொரு 'பா'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பர்மியத்திலோ நம் ழகரமும் ளகரமும் இல்லை. ரங்கூனில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் மூளை இரண்டு மொழியின் ஒலிப் பட்டியலையும் வைத்துக்கொள்கிறது. 'மழை'யை 'மலை' என்று சொன்னால் அது உச்சரிப்புப் பழக்கம், திக்கல் அல்ல.

திக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பள்ளம் சில ஒலிமாற்றங்களுக்கு வலுவில்லாமல் விழுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை சிறு குழுக்களில் நடந்தவை. அதை வைத்து ஒரு தனிப் பிள்ளைக்கு நோய் சொல்ல முடியாது. ஆனால் திசை ஓரளவு தெரிகிறது. பேசும்போது மூளை, வாயிலிருந்து வரப்போகும் ஒலியை முன்கூட்டியே கணித்து, காதில் விழுவதோடு ஒப்பிடுகிறது. கேட்கும் பகுதியையும் பேச்சை இயக்கும் பகுதியையும் இணைக்கும் இடப்பக்க நரம்புக்கற்றையும், அடுத்த அசையை எப்போது தொடங்குவது என்று நேரம் குறிக்கும் உள்மூளையின் நரம்புச் சுற்றும் இவர்களிடம் சற்றுத் தளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. சொல் தெரியும், ஒலி தெரியும், தொடங்கும் நொடிதான் நழுவுகிறது.

கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து தேவாரம் பாடும்போது அதே பிள்ளை பெரும்பாலும் திக்காமலிருப்பது இதனால்தான் என்று கருதுகிறார்கள். நேரத்தைப் பக்கத்துக் குரல்கள் கொடுத்துவிடுகின்றன. அதைப் பார்த்து, "பாடும்போது வருகிறதே, பேசும்போது ஏன் வேண்டுமென்றே செய்கிறாய்?" என்று கேட்பது பெரிய அநியாயம்.

வீட்டில் செய்யக்கூடியது: விளையாட்டுப் பேச்சை 10 நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள், தமிழில் ஒன்று, பர்மியத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 300 அசை எண்ணி, "ப-ப-பள்ளி" போன்ற ஒலித் திரும்பல், "ம்ம்ம்மாமா" போன்ற இழுப்பு, வாய் திறந்தும் சத்தம் வராத அடைப்பு இவற்றை மட்டும் குறியுங்கள். "அது... அது வந்து" என்று சொல் தேடுவதையும், நடுவில் பர்மியச் சொல் நுழைவதையும் சேர்க்காதீர்கள். இரு மொழிப் பிள்ளைக்கு இல்லாத திக்கலை இருப்பதாகச் சொல்லிவிட இந்தத் தவறும் ஒரு காரணம். 300க்கு 9ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் திக்குபவர் இருந்தாலோ, தொடங்கி ஓராண்டு ஆகியும் குறையாவிட்டாலோ காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பதிவு இரண்டையும் கையில் கொண்டு போங்கள்.

"மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துட்டுப் பேசு" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் கவனம் வாய்மேல் விழுந்து இறுக்கம்தான் கூடும். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். பிள்ளை முடித்ததும் 2 வினாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், எவ்வளவு நேரம் ஆனாலும்.