ஒட்டுத் தாள்

யூன் 3

ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் இன்றும் வரவில்லை. சோளகம் எழும்பிவிட்டது. மூன்றாம் தர வகுப்பறையின் கூரைத் தகரம் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தது.

யூன் 4

பரந்தனில் அச்சடிக்கக் கொடுத்திருந்த ஐந்து கதைப் புத்தகங்களும் கைக்கு வந்துவிட்டன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து இவற்றை இறக்கியிருந்தேன். அவற்றை விலையின்றிப் பெறலாம், அச்சிடலாம், நம் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு திருத்தவும் அவர்களுடைய உரிமம் இடமளிக்கிறது. நிற அச்சுக்குச் சென்ற பணம் அதிகம்தான். ஆனாலும் நிறமில்லாத படத்தை எட்டு வயதுப் பிள்ளையின் முன்னே விரித்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கதைகள் இந்தியத் தமிழில் இருப்பதால் இரவு பதினொரு மணி வரை ஒரு வேலை செய்தேன். பாட்டி என்று வரும் இடங்களை எல்லாம் தேடி, வெள்ளைத் தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, அதில் அம்மம்மா என்று எழுதி, மேலே ஒட்டினேன். மொத்தம் 17 இடங்கள். பிள்ளைகள் எங்கும் தடக்குப்படாமல் கதைக்குள் போக வேண்டும்.

யூன் 9

சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவனின் கதையை இன்று வாசித்தேன். இப்படியான கதைகளைத் தொடங்குமுன், இவ்வாறான ஒருவரைக் கண்டிருக்கிறீர்களா என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என ஆசிரியர்களுக்கான குறிப்புகளில் எழுதுவார்கள். கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"ரீச்சர், இவனுக்கு மிதிவெடியோ, செல்லோ?" என்று முன்வாங்கிலிருந்த ஒருத்தி கேட்டாள். பிறவியிலேயே அப்படி என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பின்வரிசையில் இருக்கும் குழப்படிக்காரன் எழுந்து, தன் அப்பா இரவில் ஜெய்ப்பூர் காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைப்பார் என்றும், "விடிய நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்" என்றும் சொன்னான். அதைச் சொன்னபோது அவனுடைய முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்க மாட்டேன். 2009 இல் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். புதிதாக ஒன்றைக் காட்டப் போகிறேன் என்ற நினைப்போடு வகுப்புக்குள் போனேன். அவர்களோ தங்கள் வீட்டைக் கண்டதுபோலச் சுற்றி நின்று கதைத்தார்கள்.

யூன் 12

கதை முடிந்ததும், இதிலிருந்து என்ன அறிகிறோம் என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். எல்லாரிடமும் அன்பாக இருக்க வேண்டும் என்று முப்பது குரல்கள் ஒன்றாகப் பாடின. பத்து நிமிடம் கழித்து, இடைவேளையில், குழாயடியில் அந்தச் சொல்லைக் கேட்டேன். தோட்டக்காட்டாள். மலையகத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல். சொன்னவன், விடியற்காலையில் தகப்பனுக்குக் கால் எடுத்துக் கொடுக்கும் அதே பிள்ளை.

அந்தச் சிறுமி சென்ற மாதம்தான் எங்கள் பாடசாலையில் சேர்ந்தாள். 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். தாய் பிறந்ததும் இவள் பிறந்ததும் வன்னி மண்ணில்தான். இருந்தும் அந்தச் சொல் அவளுக்கு முன்னரே வகுப்பறைக்குள் வந்து காத்திருந்திருக்கிறது. அவனைக் கூப்பிட்டு ஏசவில்லை. அந்தச் சொல்லை அவன் எங்கே படித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நானும் அதை என் வீட்டில், என்னை மிகவும் நேசித்தவர்களின் வாயிலிருந்துதான் படித்தேன்.

இனிமேல் கதை முடிவில் நீதி கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

யூன் 15

விடுமுறை நாள். கிணற்றடி வேலைகளை முடித்துவிட்டு றுடீன் சிம்ஸ் பிஷப் எழுதிய கட்டுரையை மீண்டும் வாசித்தேன். புத்தகம் பிள்ளைக்கு ஒரு யன்னலாக இருக்கும், வெளிச்சம் சரியாக விழும்போது அதே யன்னல் முகம் காட்டும் கண்ணாடியாகவும் மாறும் என்று அந்த அமெரிக்கப் பேராசிரியை எழுதினார். தங்களைப் புத்தகங்களில் காணாத பிள்ளைகள் தாங்கள் மதிக்கப்படாதவர்கள் என்று கற்றுக்கொள்வார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. தங்களை மட்டுமே காணும் பிள்ளைகளும் தங்கள் முக்கியத்துவத்தை மிகைப்படுத்திக்கொண்டு கெட்டுப்போவார்கள் என்கிறார். இந்த இரண்டாவது பகுதியைத்தான் நம் ஆசிரியர் அறைகளில் யாரும் பேசுவதில்லை. அவருக்கு முன்பே, 1965 இல், அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றில் 349 நூல்களில் மட்டுமே கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெறுவதைக் காட்டினார். படங்களில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று நியூயோர்க்கில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடுதான் அவருடைய கட்டுரை தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் இருந்தது. என் வகுப்பில் இருப்பவள் ஒரு மாதமாக எதையுமே கேட்கவில்லை.

பிஷப்பின் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1990. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைத் தாண்டி வாசிக்க எனக்குச் சிறிது நேரம் தேவைப்படுகிறது. அந்த ஆண்டு நான் தண்ணீரூற்றுக் கிராமத்தில் எட்டு வயதுப் பிள்ளை. ஒக்ரோபரில் ஒரு நாள் எங்கள் வாங்கில் எனக்கு இடப்பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. அவளோடு வகுப்பில் இன்னும் நான்கைந்து பேர் இல்லை. ஆசிரியர் உள்ளே வந்தார், இடாப்பைத் திறந்தார், சில பெயர்களைக் கூப்பிடாமலே கடந்து போனார். பிறகு எங்களை எழுப்பி, இடைவெளி தெரியாதபடி நெருக்கி இருத்தினார். அன்றும் சரி, அடுத்த நாளும் சரி, யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கும் என்பது இந்த வயதில் எனக்கு விளங்குகிறது. விளங்கிய பிறகும் அந்த வாங்கு என்னை விடுவதாக இல்லை.

யூன் 16

பட்டியல் வரவில்லை.

யூன் 18

பாட்டியோடு சந்தைக்குப் போகும் பிள்ளையின் கதையை ஒவ்வொருவரும் ஒரு பக்கமாக வாசித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவளின் முறை வந்தது. அம்மம்மா என்ற இடத்தில் நின்றாள். வாசிக்கத் தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்து நான் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பெருவிரல் நகத்தால் ஒட்டுத் தாளின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பாடசாலை விட்டபோது தாய் படலையடியில் நின்றார். "புள்ள இங்க பேசவே மாட்டேங்கிறாளா டீச்சர்? வீட்டில பாட்டிகிட்ட ராவெல்லாம் கதை பேசுவா" என்றார்.

பாட்டி. அந்தப் புத்தகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சொல் அது. இராத்திரி விழித்திருந்து, 17 இடங்களில், என் கையாலேயே மூடியிருக்கிறேன்.

யூன் 19

ஈரத் துணியால் ஒட்டுகளை உரித்தேன். 12 இடங்களில் சொல் தப்பியது. ஐந்து இடங்களில் தாளோடு சேர்ந்து அச்சும் உரிந்து வந்துவிட்டது.

யூன் 24

கிழிந்த புத்தகத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோய், நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு, அம்மாவின் அம்மாவை உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு, வந்ததை எல்லாம் கரும்பலகையில் எழுதினேன். அம்மம்மா, ஆச்சி, அம்மாச்சி. பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வாங்கிலிருந்து, காற்றில் போய்விடும் போன்ற சிறிய குரலில் ஒரு சொல் வந்தது. பாட்டி. சிலர் சிரித்தார்கள். நான் அதை மற்றவற்றின் அளவிலேயே, அதே நிறச் சோக்கினால் எழுதினேன். சந்தைக் கதையை எழுதியவருக்கும் அதே சொல்தான் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னதும், கதையில் வரும் பாட்டி வெற்றிலை போடுவாரா, உங்கள் பாட்டியும் போடுவாரா என்று கேள்விகள் அவள் பக்கம் திரும்பின. இரண்டு கேள்விகளுக்குத் தலையாட்டினாள். மூன்றாவதற்கு ஆம் என்றாள்.

அவர்கள் கேட்காமலேயே நான் ஐந்தாவதாக ஒரு சொல்லை எழுதினேன். உம்மும்மா. யாருடைய வீட்டில் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார்கள். என் வாங்கில், என் இடப்பக்கத்தில் இருந்தவளின் வீட்டில் என்றேன். இப்போது அவள் எங்கே என்று கேட்டார்கள். அவர்களைப் போன்ற வடக்கின் முஸ்லிம்கள் பலர் புத்தளத்துக்குப் போனார்கள், போகச் சொன்னதால் போனார்கள் என்று, எட்டு வயதுக்குத் தாங்கக்கூடிய அளவில் சொன்னேன். 35 ஆண்டுகளில் ஒரு வகுப்பறைக்குள் அதை நான் வாய் திறந்து சொன்னது இதுவே முதல் தடவை.

"அவவுக்கு ஆரும் போட்டுவாறன் எண்டு சொல்லேல்லையோ, ரீச்சர்?" என்று குழப்படிக்காரன் கேட்டான்.

இல்லை என்றேன்.

யூன் 27

குழப்படிக்காரன் அந்தக் குழாயடிச் சொல்லை இன்றும் சொன்னான். பந்துக்காக நடந்த சண்டையில். கை நடுங்கியது எனக்கு.

யூலை 1

தகப்பன் ஒருவர் வந்தார். கதை வாசித்து நேரம் போகிறது, புலமைப்பரிசிலுக்கு இப்போதே தொடங்கினால்தான் சரிவரும், "வினாத்தாளைச் செய்வியுங்கோ ரீச்சர்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய கவலையில் பிழை இல்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்திருப்பவருக்கு, பிள்ளையின் பரீட்சைதான் மற்ற விதைப்பு. காலையில் இருபது நிமிடம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அதிபரிடமும் அதையே கேட்டிருக்கிறேன்.

யூலை 4

அலுமாரியில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எங்கள் வகுப்பில் யாருடைய வீடு இருக்கிறது என்று பார்த்தேன். தகப்பன் இல்லாத வீடு ஒன்றில்கூட இல்லை. அம்மம்மாவே வளர்க்கும் பிள்ளை இல்லை. எங்கள் வகுப்பில் அப்படி ஆறு பேர். திங்கட்கிழமை டிமைத் தாளும் பாஸ்டலும் வாங்க வேண்டும். இல்லாதவற்றை நாங்களே செய்வோம்.

யூலை 7

பட்டியல் வலயக் கல்வி அலுவலகத்துக்கு வந்திருப்பதாக அலுவலக அறையில் கதைத்தார்கள். போய்ப் பார்க்கவில்லை.

உரிந்துபோன ஐந்து இடங்களிலும் சொல்லைத் திரும்ப எழுதித் தரும்படி அவளிடம் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். பென்சிலால், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, மூன்று இடங்களில் எழுதிவிட்டாள். தாள் மெலிந்திருப்பதால் கிழியாமல் இருக்க, பக்கத்தின் மற்ற ஓரத்தைக் குழப்படிக்காரன் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கூப்பிடவில்லை. அவர்கள் இருவரும் கதைத்துக்கொள்ளவும் இல்லை. மணி அடித்துவிட்டது. இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன.